தூங்குகிற வாக்காளரா, ஊருக்கு வர முடியாத அண்ணனா? மாணவர்களுக்கு எந்தக் கேலிச்சித்திரம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கும் பிள்ளைகள் இன்று பள்ளிச் சீருடையோடே வாக்காளர் ஆகிவிடுகிறார்கள். 2019 ஜூலையில் நாடாளுமன்ற மக்களவை அரசமைப்புச் சட்டத்தின் 119ஆம் விதியைத் திருத்தி, வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18க்குக் குறைத்தது. 2021 டிசம்பர் 15இல் அது நடப்புக்கு வந்தது. முன்பெல்லாம் நாமே போய்ப் பதிந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். இப்போது வயது நிறைந்ததும் தேர்தல் ஆணையமே சேர்த்துவிடுகிறது. பெயர் தானாக ஏறுகிறது, ஆள் தானாக வாக்குச்சாவடிக்கு வருவதில்லை.

இதை இந்த வயதுப் பிள்ளைகளோடு பேசக் கேலிச்சித்திரம் நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சட்ட விதியை வாசித்தால் முன்வரிசை மட்டும் கேட்கும். படத்தைச் சுவரில் காட்டினால் கடைசி வரிசையில் இருப்பவனும் எழுந்து வந்து பார்ப்பான். ஆனால் எந்தப் படம், யார் வரைந்தது, அதை எங்கே வைத்துக் காட்டுவது என்பதெல்லாம் முடிவெடுக்க வேண்டியவை. இளையோர் வகுப்பு தொடங்க நினைக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால், கையில் இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். வாக்களிக்காதவர்களை நான் மூன்று வகையாகப் பார்க்கிறேன்: வர முடியாதவர், நம்பிக்கை போனவர், பொருட்படுத்தாதவர். மூன்று பேரும் சாவடிக்கு வருவதில்லை, ஆனால் மூன்றும் மூன்று கதை. ஒரு படம் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க உதவினால் அது நல்ல பாடம். மூவரையும் ஒரே சோபாவில் தூங்க வைத்தால் அது கெட்ட பாடம், எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும்.

படமே இல்லாமல், எண்களை மட்டும் வைத்து நடத்தலாமா?

நடத்தலாம், அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஆனால் அந்த அரை மணி நேரத்தை நான் ஒருபோதும் விடமாட்டேன். 2018 மே 9 பொதுத்தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 82 விழுக்காடு. 2022 நவம்பர் 19இல் சுமார் 74 விழுக்காடு. இந்த இரண்டையும் பலகையில் எழுதினால், "ஆர்வம் கொறஞ்சு போச்சு சார்" என்று உடனே பதில் வரும். அதன் பிறகு பதிவான வாக்காளர் எண்ணிக்கையை எழுத வேண்டும்: 2018இல் சுமார் 1 கோடியே 49 லட்சம், 2022இல் சுமார் 2 கோடியே 11 லட்சம். பிள்ளைகளையே பெருக்கச் சொல்லுங்கள். முதல் தேர்தலில் ஏறக்குறைய 1 கோடியே 22 லட்சம் பேரும், அடுத்ததில் ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம் பேரும் வந்திருக்கிறார்கள். விழுக்காடு இறங்கியது, வந்த ஆட்களோ முப்பது லட்சத்துக்கும் மேல் கூடியிருக்கிறார்கள். தானாகப் பதியும் முறைக்கு முன்பு, பதியவே போகாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்களுடைய அக்கறையின்மை எந்த விழுக்காட்டிலும் தெரியாமல் இருந்தது.

இன்னொரு எண்ணும் சேர்ப்பேன். 2022 மார்ச் 12 ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 55 விழுக்காடுதான். மறுநாள் பேச்செல்லாம் மக்களின் சலிப்பைப் பற்றி. சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் இடையே தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது அந்த ஆண்டு ஏப்ரல் 1இல் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, அந்த 45 விழுக்காட்டில் யாரெல்லாம் இருந்திருப்பார்கள் என்று கேட்டால் வகுப்பு அமைதியாக யோசிக்கும்.

எங்கள் தொகுதிக் கணக்கு அதைவிட நெருக்கமானது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் நின்ற தொகுதி இது. 1974 முதல் அதே கட்சியின் துன் சாமிவேலு தொடர்ந்து வென்ற தொகுதி. 2008இல் அவரை டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் தோற்கடித்தபோது வாக்கு வித்தியாசம் 2,000க்கும் குறைவு. 2022இலும் வென்றவருக்கும் அடுத்து வந்தவருக்கும் இடையே 2,000 வாக்குகூட இல்லை. வீட்டில் இருந்துவிட்டவர்கள் இரண்டு முறையும் அந்த வித்தியாசத்தைவிடப் பல மடங்கு. "ஒரு ஓட்டுல என்ன ஆவப்போவுது" என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, இந்தக் கணக்கை அவனே போட்டுப் பார்ப்பது ஒரு சொற்பொழிவுக்கு மேல்.

எண்களால் முடிவது இதுவரைதான். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை எண் சொல்லாது. அதற்கு முகம் வேண்டும்.

வெளிநாட்டுப் படங்கள்

பள்ளிக்குள் நடத்துபவர்கள் பெரும்பாலும் முதலில் இதைத்தான் தேடுவார்கள், காரணமும் நியாயமானது. உள்ளூர்க் கட்சி எதுவும் படத்தில் இல்லை. பள்ளி முதல்வருக்கும் பயமில்லை, பெற்றோருக்கும் புகாரில்லை. அமெரிக்கப் படங்கள் ஏராளமாகக் கிடைக்கும். அங்கே 2014 இடைக்காலத் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 36 விழுக்காடுதான், எனவே வரைவதற்கு அவர்களுக்கு விஷயத்துக்குப் பஞ்சமில்லை. வாக்குப் பெட்டியில் சிலந்தி வலை, தொலைக்காட்சி முன் சோபாவில் சாய்ந்து கிடக்கும் பருத்த மனிதர், நெற்றியில் 'வாக்காளர்' என்ற பட்டை. இந்த வகைப் படத்தில் பார்ப்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது, அதையும் வரைந்தவரே எழுதி ஒட்டிவிடுகிறார். இரண்டு நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். பிள்ளைகள் கையில் மிஞ்சுவது ஒரு வசவு.

இந்தக் குவியலில் நான் எடுத்து வைத்துக்கொள்ளும் படம் மிகப் பழையது. 1871 அக்டோபரில் தாமஸ் நாஸ்ட், ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் நியூயார்க் நகர அரசியலை ஆட்டிப்படைத்த ட்வீடை வரைந்தார். தொந்தியோடு வாக்குப் பெட்டி மேல் சாய்ந்து நின்று, வாக்கை எண்ணுவது நானாக இருக்கும்வரை உங்களால் என்ன செய்ய முடியும் என்று ட்வீட் கேட்கிறார். தூங்கும் வாக்காளர் யாரும் அதில் இல்லை. வாக்காளர் ஏன் வீட்டிலேயே இருந்துவிடுகிறார் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது: எண்ணுபவர் மேல் நம்பிக்கை போவது. அடுத்த மாதமே நடந்த தேர்தலில் ட்வீடின் ஆட்கள் பலர் தோற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாடம் முழுமையாகும். மூன்று வகையில் இரண்டாம் வகையை விளக்க இதைவிடத் தெளிவான படம் நான் காட்டியதில்லை. பெயர்கள் அந்நியமானவை என்பதால் முதல் பத்து நிமிடம் கதை சொல்லியாக வேண்டும், அது ஒன்றுதான் இதன் குறை.

நம் நாட்டுக் கூர்மையான படங்கள்

கேலிச்சித்திரக்காரர்கள் சூனாரும் ஃபாமி ரெசாவும் வரைந்தவற்றைப் பிள்ளைகள் கைப்பேசியில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். சூனார்மேல் 2015 ஏப்ரலில் 1948ஆம் ஆண்டுத் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 2018 ஜூலையில் அவை கைவிடப்பட்டன. அப்போதைய பிரதமரைக் கோமாளி முகத்தோடு ஃபாமி ரெசா வரைந்தது 2016இல், அதற்கும் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

இந்தப் படங்கள் தைரியமானவை, எனக்குப் பிடித்தவை. ஆனால் இந்தப் பாடத்துக்கு இவற்றை முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர். நடப்பில் இருக்கும் ஒரு தலைவரைக் கேலி செய்யும் படத்தை வகுப்பில் ஏற்றினால், அவர் எந்தக் கட்சிக்காரர் என்ற கேள்விதான் மறுநாள் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றும், வாக்களிப்பைப் பற்றிய பேச்சு காணாமல் போகும். ஒரு பள்ளியில் அப்படி நடந்து, தமிழ்மொழிக் கழகத்தின் முழு நிகழ்ச்சியும் நிறுத்தப்பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்குப் பெரிது: இந்தப் படங்களின் குறி ஆட்சியில் இருப்பவர்கள். வாக்காளர் படத்துக்கு வெளியே நின்று பார்ப்பவர். நாம் பேச வந்தது அந்த வெளியே நிற்பவரைப் பற்றி.

கோயில் மண்டபத்திலோ இளைஞர் மன்றத்திலோ, 18 வயது தாண்டியவர்களோடு, கேலி வரைபவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தனி வகுப்பாக வைத்தால் இவை அருமையான பொருள். அது வேறு பாடம்.

தமிழில் வந்த படங்கள்

தமிழ் ஆசிரியர்களுக்கு இயல்பாகவே இந்தப் பக்கம் மனம் போகும். 1906இல் தொடங்கி, பாரதியார் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியா' வார இதழ்தான் தமிழ் இதழியலில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வழி திறந்தது. படத்தைக் கொடுத்து, ஒரு பத்தியில் விளக்கம் எழுதச் சொன்னால் மொழிப் பாடமும் நடந்துவிடும். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு படத்துக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் விடுவித்த கதையைப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

ஆனால் தமிழ்நாட்டுத் தேர்தல் எங்கள் பிள்ளைகளுடைய தேர்தல் இல்லை. திரைப்படம் வழியாக அங்கத்திய தலைவர்களை அவர்களுக்குத் தெரியும், தங்கள் சட்டமன்ற உறுப்பினர் பெயர் தெரியாது. இந்த இடைவெளியை நாமே அகலமாக்கக் கூடாது. இந்தியப் படங்களில் ஒன்றே ஒன்றைத் தொடர்ந்து பயன்படுத்துவேன்: ஆர். கே. லக்ஷ்மண் 1951 முதல் வரைந்த சாமானியர். கட்டம் போட்ட சட்டை, வேட்டி, மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் அமைச்சர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் தலைக்கு மேல் ஒரு காலிப் பேச்சுக் குமிழைப் போட்டுத் தாளைக் கொடுத்து, வாக்குப் போடும் நாளில் இவர் என்ன சொல்வார் என்று எழுதச் சொல்லுங்கள். வருகிற பதில்களில் அந்தப் பிள்ளைகளின் வீட்டு முற்றமே தெரியும்.

பழைய படங்களைக் கையாள்வதில் உள்ள ஆபத்துக்கும் இந்தியாவிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. அங்கே பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில், அரசமைப்புச் சட்டம் எழுதும் வேலை தாமதமாவதைப் பற்றிக் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949இல் வரைந்த படம் இடம்பெற்றிருந்தது. நத்தைமேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. 2012இல் அது அம்பேத்கரை அவமதிப்பதாக நாடாளுமன்றத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்து, படம் விலக்கப்பட்டது. அதே பாடநூல் வரிசையில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய படத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு வந்தது. வரைந்த காலத்தில் தாமதத்தைப் பற்றிய படமாக இருந்தது, அறுபது ஆண்டு கழித்து யார் கையில் சாட்டை என்ற படமாகிவிட்டது. கேலிச்சித்திரம் காட்டும்போது, இதில் யார் கையில் சாட்டை இருக்கிறது, அடி யார்மேல் விழுகிறது என்று பிள்ளைகளையே முதலில் கேட்கப் பழக்குங்கள். அந்தக் கேள்வியை அவர்கள் தூங்கும் வாக்காளர் படத்திடமும் கேட்பார்கள்.

லாட்டின் வழி

எல்லாரும் வரைந்த படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் லாட்டின் பக்கம் நிற்பேன். நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர், பேராக்காரர், 1951இல் பிறந்தவர். பத்து காஜாவில் அவர் பெயரில் காட்சியகம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஈப்போவைத் தாண்டினால் போய்விடலாம். அரசியல்வாதிகளையும் வரைந்திருக்கிறார், ஆனால் என் காரணம் அதுவல்ல. அவர் படத்தில் கூட்டம் இருக்கும். ஒரே காட்சியில் சீனக் கடைக்காரர், மலாய்க்கார மாது, தலைப்பாகைக்காரர், அழும் குழந்தை, ஓரத்தில் நாய். முக்கியமான ஆள் யார் என்று எழுதி ஒட்டியிருக்கமாட்டார். கண் தானாகத் தேட வேண்டும்.

வாக்களிப்பைப் பேச இந்தக் கூட்டப்படம் எவ்வளவு பொருத்தம் என்பது, அதைப் பாடத்தில் வைத்தால்தான் புரியும். கூட்டத்தைக் காட்டினால் 'யார் இருக்கிறார்கள்' என்று கேட்கலாம். கொஞ்ச நேரம் கழித்து 'யார் இல்லை' என்று கேட்கலாம். இரண்டாவது கேள்விதான் பாடம். ஒரு கல்யாணக் காட்சியையோ பேருந்து நிலையக் காட்சியையோ காட்டி, இதே ஆட்களைத் தமிழ்ப்பள்ளித் திடலில் வாக்களிக்க வரிசையில் நிறுத்தினால் யார் யார் வரமாட்டார்கள், ஏன் என்று கேளுங்கள். கடையைப் பூட்ட முடியாதவர், குழந்தையை விட்டுவர முடியாதவர், யார் வந்தாலும் ஒன்றுதான் என்பவர், காலையிலேயே மறந்துபோனவர். மூன்று வகையும் ஒரே படத்திலிருந்து வந்து விழும், யாரையும் திட்டாமல்.

லாட்டின் கிண்டலில் வலி குறைவு, அரசியல் பாடத்துக்கு அது போதாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்சியைத் தட்டிக்கேட்கும் பாடமென்றால் நானும் ஒப்புக்கொள்வேன். தன் வீட்டு மனிதர்களைப் பற்றிப் பதினேழு வயதுப் பிள்ளை பேச வேண்டிய இடத்தில், அந்த மென்மைதான் வாயைத் திறக்க வைக்கிறது. தலையங்கப் படத்தைக் கண்டால் பிள்ளைகள் சரியான விடையைத் தேடுகிறார்கள். கூட்டப்படத்தைக் கண்டால் தங்கள் மாமாவைத் தேடுகிறார்கள்.

பிள்ளைகளே வரைவது

இத்தனை வழிகளையும் சொன்னதே இதற்கு வருவதற்காகத்தான்.

ஒரு வகுப்பில் அந்தச் சோபா படத்தைக் காட்டியபோது நான்காம் படிவ மாணவன் ஒருவன் கையைத் தூக்கினான். "எங்க அண்ணன் தூங்கல சார். ஜொகூர் செனாய்ல நைட் ஷிப்ட்டு. லீவு கேட்டா ஓவர்டைம் போயிடும், பஸ்ஸுக்கு ரெண்டு பக்கமும் காசு." அவன் கோபத்தோடு சொல்லவில்லை, படத்தில் ஒரு தகவல் விட்டுப்போயிருக்கிறது என்பதுபோலச் சொன்னான். "அப்ப உங்க அண்ணன வரைஞ்சு குடு தம்பி" என்றேன். ஏ4 தாளில் தொழிற்சாலைக் கதவு, பேருந்து முகப்பு, நடுவில் ஒருவன் இரண்டு பக்கமும் கை நீட்டி நிற்கிறான். சட்டையில் பெயர்ப் பட்டையில்லை, கையில் ஐசி (அடையாள அட்டை) மட்டும். அளவெல்லாம் கோணல். ஆனால் அந்த வகுப்பில் அதற்குமேல் யாரும் சோபா படத்தை நம்பவில்லை.

தோட்டப்புற ஊர்களில் பிள்ளைகளுக்கு வரையக் கொடுத்தால் வருகிற படங்கள் நகரத்தில் வராது. செம்பனைத் தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியாகிவிட்டது, தொழிலாளர்கள் இருந்த லயன் வீடுகள் போய்விட்டன, ஆனால் குடும்பத்தில் பாதிப் பேருடைய ஐசியில் இன்னும் அந்தத் தோட்டத்தின் பெயர்தான். தானாகப் பதியும் முறை ஐசி முகவரியை வைத்தே வாக்களிக்கும் இடத்தை முடிவு செய்கிறது. ஒரு பிள்ளை வெறும் மண்மேட்டின்மேல் ஒரு வாக்குப் பெட்டியை வரைந்து, பக்கத்தில் பழைய தோட்டத்துப் பெயர்ப் பலகையை நட்டிருந்தாள். இன்னொருத்தி, சாவடிக் கதவுக்கு வெளியே நிற்கும் பாட்டியை வரைந்தாள். கையில் சிவப்பு ஐசி. நிரந்தரவாசிக்கு வாக்கு இல்லை. இந்த மண்ணில் பால்மரம் வெட்டி ஆயுசைக் கழித்தவருக்கு ஓட்டில்லை என்பதை அந்தப் பிள்ளை படத்தில் சொல்லும்வரை பக்கத்தில் இருந்த தோழிக்கே தெரியாது. 'வாக்களிக்காத இந்தியர்கள்' என்று மொத்தமாகப் பேசுகிறவர்கள் அந்தப் பாட்டியைத் தாண்டிப் போகவே கூடாது.

நம்பிக்கை போனவர்களும் வருவார்கள். அரிசி மூட்டை, வாக்குறுதி, ஐந்து ஆண்டு கழித்து அதே குழி விழுந்த சாலை. கட்சிச் சின்னமோ தலைவர் முகமோ வரையக் கூடாது என்ற ஒரே விதியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. முகத்தை வரைய முடியாதபோது பிள்ளைகள் சாலையை, குழாயை, மருத்துவமனை வரிசையை வரைகிறார்கள். படம் ஆழமாகிறது.

பொருட்படுத்தாதவர்கள் இல்லாமலா? இருக்கிறார்கள். சாவடி நடந்து போகும் தூரம், ஞாயிறு போல ஓய்வான நாள், ஆனாலும் கைப்பேசியில் விளையாடிக்கொண்டே பொழுதைப் போக்கியவரைப் பிள்ளைகள் தயங்காமல் வரைவார்கள், பெரும்பாலும் தங்கள் சொந்த அண்ணனையே. அவர்களிடம் பிள்ளைகள் காட்டும் கடுமை எந்த அமெரிக்கப் படத்திலும் இல்லை. வித்தியாசம் என்னவென்றால், மற்ற இருவரையும் வரைந்து முடித்தபின் மூன்றாமவரை வரைவதால் அந்தக் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது.

இந்த வழியின் குறைகளும் உண்மையானவை. நேரம் எடுக்கும், ஒரே அமர்வில் முடியாது. எனக்கு வரையத் தெரியாது என்று பாதிப் பேர் சுருங்குவார்கள், குச்சி மனிதர்கள் போதும் என்று முதல் ஐந்து நிமிடத்தில் நீங்களே ஒன்றைப் பலகையில் வரைந்து காட்டினால் அது தீரும். தரமான படம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் வரையச் சொன்னால் தூங்கும் மனிதரே திரும்பத் திரும்ப வருவார், ஏனென்றால் அவர்கள் கண்டது அதுதான். ஆகவே வரைவதை முதல் வகுப்பில் வைக்காதீர்கள். குடும்ப விஷயம் வெளியே வருவதால், படத்தில் பெயர் போடாமல் இருக்கவும் வெளியே காட்ட வேண்டாம் என்று சொல்லவும் பிள்ளைக்கு உரிமை இருக்க வேண்டும். சிவப்பு ஐசி வீட்டுப் பிள்ளைக்கு இது மிக முக்கியம்.

எதைத் தேர்வு செய்வது?

ஒரே ஒரு அமர்வுதான் கிடைக்கும், அதுவும் பள்ளி மண்டபத்தில், எல்லாப் படிவமும் கூடியிருக்கும் என்றால், வரைய வைக்க முயலாதீர்கள். எண்களில் பத்து நிமிடம், பிறகு லாட் பாணிக் கூட்டப்படம் ஒன்று, 'யார் இல்லை' என்ற கேள்வி. அது போதும்.

நான்கு சனிக்கிழமைகள் கிடைத்தால் நான் இப்படிப் பிரிப்பேன். முதல் வாரம் எண்களும் கூட்டப்படமும். இரண்டாம் வாரம் சோபா படத்தையும் நாஸ்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது வாக்காளரைக் குறை சொல்கிறது, எது வாக்கைப் பிடித்து வைத்திருப்பவரைக் குறை சொல்கிறது என்ற வாதம். நடுவில் லக்ஷ்மணின் சாமானியருக்குப் பேச்சுக் குமிழ். மூன்றாம் வாரம் முழுவதும் வரைவதற்கு. நான்காம் வாரம் படங்களைச் சுவரில் ஒட்டி, மூன்று வகையாகப் பிள்ளைகளே பிரிப்பது. பிரிக்கும்போது வரும் சண்டையைத் தடுக்காதீர்கள். ஓவர்டைம் போய்விடும் என்று வராத அண்ணன் 'வர முடியாதவரா', 'பொருட்படுத்தாதவரா' என்று அந்த மாணவனும் மற்றவர்களும் நெடுநேரம் வாதாடினார்கள். ஒரு நாள் ஓவர்டைமைவிட ஓட்டுப் பெரிது என்றாள் ஒருத்தி. அந்தக் காசில்தான் என் பள்ளிக் கட்டணம் என்றான் அவன். அந்த இடத்தில் ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறாம் படிவத்தில் பெங்காஜியான் அம் (பொதுக் கல்வி) பாடத்தில் தேர்தல் முறை வருவதால், அங்கே பள்ளிக்குள் நடத்தப் பாடத்திட்டமே துணை நிற்கும். நான்காம், ஐந்தாம் படிவத்துக்குத் தமிழ்மொழிக் கழகம் நல்ல இடம், முதல்வரிடம் படங்களை முன்கூட்டியே காட்டிவிட்டால். கோயில் மண்டபத்தில் சுதந்திரம் அதிகம், ஆனால் எங்கள் ஊர்களில் கோயில் நிர்வாகத்துக்கும் கட்சிக் கிளைக்கும் இருக்கும் நெருக்கத்தை எல்லாரும் அறிவார்கள். அங்கே நடத்தினால், எந்தப் பிரமுகரையும் திறந்துவைக்க அழைக்காமல் நடத்துங்கள். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூட்டப்படம் வரை போகலாம், மற்றவை அந்த வயதுக்குப் பாரம்.

வகுப்பின் கடைசி அரை மணியைப் படங்களுக்குக் கொடுக்காமல் கைப்பேசிக்குக் கொடுங்கள். 18 வயது நிறைந்தவர்கள் தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் இணையப் பக்கத்தில் தங்கள் ஐசி எண்ணைப் போட்டு எந்தத் தொகுதி, எந்த வாக்குச்சாவடி என்று பார்க்கட்டும். சின்னவர்கள் வீட்டுக்குப் போய் அண்ணன், அக்காவுக்குப் பார்த்துச் சொல்லட்டும். ஐசியில் முகவரியை மாற்றினாலும் வாக்காளர் பட்டியலில் அது தானாக மாறாது, தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், பலருக்கு இது தெரியாது. மண்மேட்டில் வாக்குப் பெட்டி வரைந்த பிள்ளையின் வீட்டில் செய்ய வேண்டிய வேலை இதுதான். நாடாளுமன்றம் கலைந்தபிறகு விண்ணப்பித்தால் அந்தத் தேர்தலுக்கு உதவாது. இப்போதைய நாடாளுமன்றத்தின் ஐந்தாண்டு 2027 டிசம்பரில் முடிகிறது, அதற்கு முன்பும் கலைக்கப்படலாம். ஆகையால் தேர்தல் காற்று வீசத் தொடங்கும்வரை காத்திருக்காமல், கொடிகள் எதுவும் கட்டாத ஒரு சாதாரணப் பள்ளித் தவணையிலேயே இந்த வகுப்பை வைத்துவிடுங்கள்.